மச்சானும் மாப்பிள்ளையும் பிரேக்கில் ஏர் எடுத்த ஞாயிறு

பிரேக்கில் ஏர் எடுக்க, அதாவது பைப்பில் புகுந்த காற்றை வெளியே எடுக்க, இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டு நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். இது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். அந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுகிறவர்களாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு என் வீட்டில் இருந்த இரண்டு பேர் என் கணவரும் என் அண்ணனும். அவர்கள் பேசி நாலு வருடம் ஆகியிருந்தது.

சண்டைக்குக் காரணம் ஒரு தண்ணீர்க் குழாய். அண்ணன் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தான். ஐம்பது பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். கை கழுவப் போன என் கணவர் குளியலறையிலிருந்து வெளியே வந்து, "சுடுதண்ணிக் குழாய் இடது பக்கம்தானே இருக்கணும்? வலது பக்கம் போட்டிருக்காங்களே, யாரும் பாக்கலையா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தார். அவர் சொன்னது சரி. அதுதான் பிரச்சினை. தப்பாகச் சொல்லியிருந்தால் அண்ணன் சிரித்துவிட்டுப் பாயசம் பரிமாறப் போயிருப்பான். சரியாகச் சொன்னதால் அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றது, போக்குவரத்து நிற்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பேசாமல் இருப்பது என்றால் வராமல் இருப்பது என்று அர்த்தம் கிடையாது. தீபாவளிக்கு அண்ணன் வருவான், பொங்கலுக்கு நாங்கள் போவோம். இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "மாப்பிள்ளைக்கு ரசம் வேணுமான்னு கேளு," என்பான் அண்ணன். "ரசம் வேணுமா?" என்று நான் கேட்பேன். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் கணவர், காதில் நன்றாக விழுந்ததையும் கேட்காதவர் மாதிரி என் பக்கம் திரும்பி, "போதும்னு சொல்லு," என்பார். நாலு வருடமாக ரசம், கிரிக்கெட், தேர்தல் முடிவு எல்லாம் என் வாய் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கென்று இருந்தது அந்த பிக்கப் வண்டி. மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் சமைத்து, பேகம்பேட்டில் இரண்டு அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிறேன். நாற்பத்துநாலு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் எடுக்கும்போது அதிகாரி என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பழைய வண்டிதான், நீல நிறம், இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆனால் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு காலை பத்தரை மணிக்குத் தெருவை விட்டு வெளியே வரும்போது எனக்கு வருகிற சந்தோஷம் வேறு எதிலும் வந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. கல்யாணத்தன்று கூட அவ்வளவு சந்தோஷமாக இல்லை, அன்றைக்குப் பசியாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டை இறக்கிவிட்டுக் காலி அண்டாக்களோடு திரும்பும்போது, மாரெட்பள்ளியில் ஒரு திருப்பத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரைக்குப் போய்விட்டது. திரும்பத் திரும்ப மிதித்ததில் என் கணுக்கால்தான் சுளுக்கிக்கொண்டது. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, எல்லாம் செய்தும் வண்டி மெதுவாக ஊர்ந்து போய் ஓர் எருமையின் மேல் சாய்ந்து நின்றது. எருமை தலையைத் திருப்பி என்னை ஒரு தடவை பார்த்தது. பிறகு அசைபோடுவதைத் தொடர்ந்தது. எருமைக்காரர் ஓடி வந்து எருமையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்திருந்த என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு டிராலி ஆட்டோ கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வர, கை பிரேக்கைப் பிடித்தபடியே வீடு வந்து சேர்ந்தேன். கணவர் கேட்டருகில் நின்று பம்பரில் இருந்த சாணியைப் பார்த்தார். பின் சக்கரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்த ஆயிலைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"வித்துடலாம்," என்றார்.

அவர் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து முப்பது வருடம் ஆகியும் இந்தத் தெலுங்கு ஊரை ஒரு வெயிட்டிங் ரூம் மாதிரிதான் நடத்துவார். வண்டி வாங்கிய மூன்று வருடத்தில் அவர் அதில் ஒரு தடவை கூட ஏறியதில்லை. 'சாமான் வண்டி' என்பார். அடுத்த தெருவில் பால்பூத் வைத்திருக்கிறவர் இந்த வண்டியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அது எனக்குத் தெரியும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து வாயை விட்டுவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பிரேக் சரியாகலேன்னா நீங்களே சாவியக் கொடுத்துடுங்க. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் உடனே பால்பூத்துக்காரருக்கு போன் போட்டார். ஞாயிறு சாயங்காலம் கூப்பிடச் சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்கு நினைவு வந்தது, அந்த ஞாயிறு போனாலு, அம்மனுக்குப் பானை எடுக்கிற இந்த ஊர்த் திருவிழா. எங்கள் தெருமுனை மெக்கானிக் வெள்ளிக்கிழமையே கடையை மூடிவிட்டு அம்மனுக்கு வேப்பிலை கட்டப் போய்விட்டான். மற்ற கடைகளில் விசாரித்தால், "போனாலு முடியட்டும் அம்மா, செவ்வாய்க்கிழமை கொண்டாங்க," என்றார்கள். வேறு வழியில்லாமல் அண்ணனைக் கூப்பிட்டேன். முப்பது வருடம் ரயில்வே பட்டறையில் இரும்போடு குடித்தனம் நடத்தியவன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"உன் கால்ல சுளுக்குன்னா பெடல் யாரு மிதிப்பா?" என்று போனிலேயே கேட்டான்.

"அவர் இருக்கார்," என்றேன்.

"ஹவ், வரேன்," என்றான். ஆமாம், சரி எல்லாவற்றுக்கும் அவனுக்கு இந்த ஊர் 'ஹவ்'தான்.

ஞாயிறு காலை, சாமான்களை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். ராணிகஞ்சில் சனிக்கிழமையே புதுப் பைப்பும் பிரேக் ஆயிலும் வாங்கி வைத்திருந்தான். வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு, பின் சக்கரங்களுக்குப் போகிற இரும்புப் பைப் துருப்பிடித்து இத்துப்போயிருக்கிறது, அங்கேதான் ஆயில் ஒழுகுகிறது என்றான். பழைய பைப் கையில் முறுக்கு மாதிரி நொறுங்கியது. புதுப் பைப்பைப் பழையது போன பாதையிலேயே வளைக்க வேண்டும். வெறும் கையால் மடக்கினால் மடிந்து அடைத்துக்கொள்ளும், உருண்டையான ஒன்றின் மேல் சுற்றி வளைக்க வேண்டும் என்றான். என் பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அந்தக் கட்டையில் நான் பூரி தேய்க்கவில்லை.

மதியத்துக்குள் பைப் மாட்டியாகிவிட்டது. புதுப் பைப்புக்குள் முழுக்கக் காற்று இருக்கும். அந்தக் காற்றை வெளியே எடுக்காவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சின்ன நிப்பிள் உண்டு. பெடலை நாலு தடவை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போது நிப்பிளைத் திறந்தால் ஆயிலோடு காற்றுக் குமிழிகள் வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்துவிட்டால் போன காற்று திரும்பவும் உள்ளே வந்துவிடும். இதை அண்ணன் எனக்கு விளக்கினான். கணவர் பக்கத்தில்தான் நின்றார். நான் அதை அவருக்கு மறுபடியும் விளக்கினேன்.

கணவர் உள்ளே போய், இஸ்திரி போட்ட பேண்ட், முழுக்கைச் சட்டை, ஷூ, கைக்கடிகாரம் எல்லாம் போட்டுக்கொண்டு வந்தார். பெடல் மிதிக்க ஆபீஸ் போகிற மாதிரி வந்த மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் வண்டிக்குள் ஏறி, சீட்டைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். அண்ணன் பின் இடது சக்கரத்துக்கு அடியில் பாய் விரித்துப் படுத்தான். நான் நடுவில் நின்றேன்.

"மிதிக்கச் சொல்லு."

"மிதிங்க."

"மிதிச்சாச்சுன்னு சொல்லு."

"மிதிச்சுட்டாராம்."

"அப்படியே பிடிச்சுக்கச் சொல்லு."

"பிடிச்சுக்கங்க."

"எவ்வளவு நேரம்னு கேளு."

"எவ்வளவு நேரம்னு கேக்கறார்."

"நான் மூடற வரைக்கும்னு சொல்லு! இதுக்குக் கடிகாரம் எதுக்கு?"

இதில் பாதியைத்தான் நான் கணவரிடம் சொன்னேன். அதுதான் நாலு வருடப் பழக்கம். ஒருவர் சொல்வதை அப்படியே இன்னொருவரிடம் சொன்னால் வீடு தாங்காது. அண்ணன், "அந்த மேதாவி காலை எடுத்துட்டாரான்னு கேளு," என்பான். நான் அதில் மேதாவியை எடுத்துவிட்டு, கொஞ்சம் மரியாதையைச் சேர்த்து, குரலையும் தணித்து, "காலை எடுத்துட்டீங்களா?" என்பேன். கணவர், "கீழ படுத்திருக்கறவருக்கு வேலை தெரியுமான்னு கேளு," என்பார். நான் குனிந்து, "எல்லாம் சரியாப் போகுதான்னு கேக்கறார்," என்பேன். இப்படிச் சலித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆயில் டப்பா ஒன்று காலி. நிப்பிளிலிருந்து பாட்டிலுக்குப் போகிற பிளாஸ்டிக் டியூபில் குமிழி வந்துகொண்டே இருந்தது. சோடா தோற்றது. பெடல் அதே பஞ்சு.

அண்ணன் அடியிலிருந்து தலையை நீட்டி என்னை மட்டும் அருகில் கூப்பிட்டான். "பைப்புல லீக் இல்ல. மேல ஆயிலும் குறைய விடல. நான் மூடறதுக்கு முன்னாடி பெடலை விட்டு கால் வருது. ஒவ்வொரு தடவையும் வருது." குரலைத் தாழ்த்தினான். "வண்டிய விக்கணும்னு சொன்னதும் இவருதானே?"

என் மனதில் இருந்ததைத்தான் அவன் சொன்னான். மணி மூன்று. பால்பூத்துக்காரர் கூப்பிட இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. நான் நேராக டிரைவர் பக்கம் போய்க் கதவைத் திறந்தேன்.

"வேணும்னே காலை எடுக்கறீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வலது கால் பெடலின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் மிதித்த கால்.

"நீ 'மூடியாச்சு'ன்னு சொன்ன பிறகுதான் எடுக்கறேன்," என்றார். "நான் வேணும்னு செய்வேன்னு நினைக்கறியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் மூடப் போகும்போதே, "மூடறேன்னு சொல்லு," என்கிறான். நான் போய் அதைச் சொல்ல நேரமாகும் என்று, அவன் கை ஸ்பேனரில் வைத்தவுடனேயே, "மூடியாச்சு" என்று முந்திக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் திட்டை வடிகட்டுவதில் ஆகிற தாமதத்தை அந்தப் பக்கம் அவசரத்தில் ஈடுகட்டப் பார்த்திருக்கிறேன். காற்றை உள்ளே விட்டது கணவரின் காலும் இல்லை, அண்ணனின் கையும் இல்லை. என் வாய்.

வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"ரெண்டு பேரும் என்னவோ பண்ணிக்கங்க," என்று கத்தினேன். "எனக்கு இந்த வேலை நக்கோ, வேண்டவே வேண்டாம். நாலு வருஷம் போதும்." வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுதேன். வண்டி போய்விடும் என்றுதான் அழுதேன், இந்த இரண்டு பேருக்காக இல்லை.

பத்து நிமிடம் கழித்து, இப்போதாவது பேசுவார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கணவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'டங்' என்று ஒரு சத்தம். அண்ணன் ஸ்பேனரால் வண்டியின் அடிச்சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினான். கணவர் யோசித்தார். பெடலை நாலு தடவை மிதித்துப் பிடித்தார். பிறகு ஹாரனை ஒரு தடவை அடித்தார்.

'டங், டங்' என்றான் அண்ணன். மூடிவிட்டேன் என்று அர்த்தம். கணவர் காலை எடுத்துவிட்டு ஹாரனை இரண்டு தடவை அடித்தார்.

பேசாமலே பேசக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிடிவாதத்தில் இந்த இரண்டு பேரையும் மிஞ்ச ஆள் கிடையாது. டங், ஹாரன், டங் டங், ஹாரன் ஹாரன் என்று தெரு முழுக்க முழங்கியது. நடுவில் போனாலு ஊர்வலம் ஒன்று தெருமுனையைக் கடந்து போனது. தப்பட்டைச் சத்தத்தில் ஸ்பேனர் தட்டு எது, மேளம் எது என்று தெரியாமல் கணவர் மேளத்துக்குத் தகுந்தபடி மிதித்துத் தள்ளினார். அண்ணன் நிப்பிளை மூடிப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகும்வரை காத்திருந்தான்.

எதிர்வீட்டுப் பெரியவர் மதியத் தூக்கம் கெட்டு மாடியில் வந்து நின்றார். "கைக்கு பாய், கைக்கு இத்தா ஹார்ன் பஜாரே?" என்று இரைந்தார், எதுக்கு இவ்வளவு ஹாரன் என்று. கணவருக்கு அந்த ஊர் உருது முப்பது வருடமாகப் புரியாது. யாரோ ஏதோ கேட்கிறார்கள் என்று மட்டும் தெரிந்ததால் பதிலுக்கு ஹாரனை ஒரு தடவை அடித்தார். பெரியவர் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

பின் இடது முடிந்தது. பின் வலது, முன் இடது, முன் வலது. அண்ணன் ஒவ்வொன்றாகப் பாயை இழுத்துக்கொண்டு நகர்ந்தான். நாலரை மணிக்கு டியூபில் குமிழி இல்லாமல் சுத்தமாக ஆயில் வருவது ஜன்னலிலிருந்தே தெரிந்தது. நான் வெளியே வந்தேன். அண்ணன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "பெடல் எப்படி இருக்குன்னு கேளு," என்றான்.

நான் கேட்கவில்லை. கணவரைப் பார்த்தேன். அந்தப் பெடலில் கால் வைத்திருந்தது அவர் ஒருவர்தான். 'இன்னும் பஞ்சாத்தான் இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் சுளுக்குக் காலால் மிதித்துப் பார்த்து நான் என்ன கண்டுபிடித்துவிடப் போகிறேன்? அவர் ஒரு தடவை மிதித்தார். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். எனக்கு அந்த நேரம் நகரவே இல்லை.

"கேக்கறவர்கிட்ட சொல்லு, கல்லு மாதிரி இருக்கு," என்றார்.

கீழே இறங்கி மறுபக்கம் சுற்றிக்கொண்டு போய், டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "ஓட்டிப் பாத்துடலாம், ஏறு," என்றார். அண்ணன் பின் சக்கரத்துச் சத்தத்தைக் கேட்கணும் என்று தலையணை உறையோடு பின்னால் ஏறிக்கொண்டான்.

ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓர் இறக்கம் உண்டு. அந்த நேரத்தில் அங்கே யாருமில்லை. கணுக்கால் வலியோடு மெதுவாகத்தான் இறங்கினேன். கணவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பாதி இறக்கத்தில், வியாழக்கிழமை மிதித்த அதே பயத்தோடு மிதித்தேன். வண்டி அந்த இடத்திலேயே நின்றது. கணவரின் இரண்டு உள்ளங்கையும் டாஷ்போர்டில் போய் அப்பின. பின்னால் 'தடால்' என்று ஒரு சத்தம். பின் கண்ணாடியில் இதுவரை தெரிந்த அண்ணனைக் காணவில்லை.

எனக்கு முன்னால் அவர் குதித்து இறங்கினார். இஸ்திரிப் பேண்டோடு பின் பலகையைப் பிடித்து ஏறினார்.

"மச்சான்! மச்சான், அடி கிடி பட்டுச்சா?"

அண்ணன் ஸ்பேனர்களுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தான். தோளைத் தடவிக்கொண்டே அவரைப் பார்த்தான், பிறகு கீழே நின்ற என்னைப் பார்த்தான்.

"பிரேக் நல்லாப் பிடிக்குதுன்னு அவர்கிட்ட சொல்லு," என்றான்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றேன்.

கணவர் கையை நீட்டியபடியே குனிந்து நின்றார். அண்ணன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அப்போது கணவரின் சட்டைப்பையில் போன் அடித்தது. மணி ஐந்து. பால்பூத்துக்காரர்.

கணவர் போனை எடுத்துக் காதில் வைத்தார். கடன் வாங்கின மாதிரி ஒரு தெலுங்கு வைத்திருப்பார், அதில், "ஓனர் உன்னாரு, மாட்லாடண்டி," என்றார். ஓனர் இருக்கிறார், பேசுங்கள் என்று. பின்பலகைக்கு மேலாகக் குனிந்து போனை என்னிடம் நீட்டினார்.

மூன்று வருடமாக அது சாமான் வண்டி. அதற்கு ஓனர் என்று ஒருத்தி இருப்பதாக அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

"ஏமண்டி, பண்டி அம்முதாரா?" வண்டியை விற்கிறீர்களா என்று கேட்டார் பால்பூத்துக்காரர்.

"அம்மேதி லேதண்டி," என்றேன். விற்பதாக இல்லை. மேலே நின்றுகொண்டிருந்த இரண்டு பேருக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.